வாசகர் கேள்வி – பதில்: ஒரு மிஷனரிக் குடும்பத்தின் மூன்று தலைமுறை

கேள்வி: எங்கள் சபையிலிருந்து ஓர் இளம் குடும்பம், நான்கு வயதிலும் ஏழு வயதிலும் உள்ள தம் பிள்ளைகளோடு, வெளிநாட்டில் ஒரு மிஷன் பள்ளியில் கற்பிக்கப் புறப்படுகிறது. வழியனுப்பு ஆராதனையில் பேசிய எல்லாரும் கணவரைப் பற்றியே பேசினார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் மனைவிதான். அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முற்காலத்தில் நம் பகுதிக்கு வந்த மிஷனரிக் குடும்பங்களிலும் இப்படித்தான் இருந்ததா? ஒரு குடும்பத்தையாவது விரிவாக எழுதுங்கள்.
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நாகர்கோவிலில் 1819-ஆம் ஆண்டு வந்து குடியேறிய மால்ட் குடும்பம்தான். அவர்களுக்கு முன்பே அங்கே மண் பண்பட்டிருந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூருக்குச் சென்று திரும்பித் தம் ஊருக்கு ஒரு போதகரை வரவழைக்க முயன்றதால், லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவர் சென்ற பிறகு 1818-இல் சார்லஸ் மீட் வந்து நாகர்கோவிலை மிஷனின் தலைமை இடமாக்கினார். அடுத்த ஆண்டு சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் வந்தார்கள். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

சங்கம் நியமித்தது சார்லஸ் மால்ட்டை. மார்த்தா அவருடைய மனைவியாகக் கூட வந்தவர். மிஷன் சங்கங்களின் அக்காலப் பட்டியல்களில் மனைவியருக்குத் தனி இடம் இல்லை, தனிச் சம்பளமும் இல்லை. ஆனால் வந்த கையோடு பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர் அந்த மார்த்தாதான். இன்று நாகர்கோவிலில் உள்ள டதி பெண்கள் பள்ளி தன் தொடக்கத்தை அந்த 1819-இல்தான் காண்கிறது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று தாய் தந்தையரே கேட்ட காலம் அது. பனையேறும் குடும்பங்களிலும் வயல் அடிமைகளாக இருந்த குடும்பங்களிலும் ஒரு சிறுமியின் இரண்டு கைகள் என்பவை வீட்டுக்கு அன்றாடம் வந்து சேரும் வருமானம். அந்தக் கைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் அன்று அடுப்பில் குறைவது என்ன என்பதைத் தாய்தான் அறிவாள். பகல் பள்ளியாக நடத்தினால் பிள்ளை வருவது நிச்சயமில்லை என்பதால்தான் உண்டி, உடை, உறைவிடம் மூன்றையும் கொடுக்கும் விடுதிப் பள்ளியாக அதை நடத்த வேண்டியிருந்தது.

ஆகவே அந்தப் பங்களாவில் பாடம் என்பது ஒரு மணி நேரத்துக்கு நடந்து முடிகிற காரியமாக இருந்திருக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், தலையில் பேன் வந்தாலும், திருமணம் செய்து வைக்க வேண்டும் என்று தகப்பன் வந்து வாசலில் நின்றாலும், அவை எல்லாம் அந்த வீட்டு அம்மாவின் பொறுப்புக்குள்தான் வந்தன. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு மாறுவது வழக்கம்; நாகர்கோவிலில் 1820-இல் மிஷன் அச்சகம் ஏற்பட்ட பிறகு அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் படித்த முதல் சிறுமிகளில் இந்த விடுதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். மிஷனரி என்ற சொல்லைக் கேட்டதும் தொப்பி அணிந்த ஓர் ஆண் உருவமே நம் மனத்தில் எழுவது, நம்மிடம் உள்ள ஆவணங்கள் ஆண்கள் ஆண்களுக்கு எழுதிய அறிக்கைகளாக இருப்பதால் வந்த பழக்கம். பள்ளியைப் பொறுத்தவரை குடும்பம் முழுவதுமே ஊழியம் செய்தது. அதில் கற்பிக்கும் பங்கு பெரும்பாலும் மனைவியிடமும் மகள்களிடமும் இருந்தது. உங்கள் சபையார் அந்த இளம் தாயின் பெயரையும் மேடையில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தது முற்றிலும் சரி.

கேள்வி: கால்டுவெல் ஐயரின் துணைவியார் நாகர்கோவிலில் பிறந்தவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா? ஐயரின் தமிழ்ப் புலமையில் அம்மையாருக்குப் பங்கு உண்டா?
— ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: உண்மைதான். மேலே சொன்ன மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, 1822-இல் பிறந்தவர். விடுதிப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, நாகர்கோவில் பங்களாவில் வளர்ந்த பெண். தமிழ் அவர் அகராதியும் இலக்கணமும் வைத்துக்கொண்டு கற்ற மொழி அன்று. ஆயாவிடமும் உடன் விளையாடிய பிள்ளைகளிடமும் கேட்டுக் கேட்டு நாவில் ஏறிய மொழி.

இராபர்ட் கால்டுவெல் வந்த வழி வேறு. அயர்லாந்தில் 1814-இல் பிறந்து ஸ்காட்லாந்தில் படித்தவர், 1838 ஜனவரி 8-ஆம் நாள் சென்னையில் கரையிறங்கினார். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட அந்தக் கடற்பயணத்தில் அவருக்குத் துணையாக அமைந்தவர், தெலுங்குக்குப் பெருந்தொண்டு செய்த சி. பி. பிரௌன். வேமனரின் பாடல்களைத் தேடித் தொகுத்த அந்தப் பிரௌனும் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தை நடத்தக் கல்கத்தாவுக்கு வந்த டேவிட் பிரௌன் என்ற குருவானவரின் மகனாக 1798-இல் அங்கேயே பிறந்தவர். தென்னிந்திய மொழிகளைப் பற்றிப் பிற்காலத்தில் பெரிய நூல் எழுதிய கால்டுவெல்லுக்குத் தொடக்கத்தில் வழித்துணையாக வந்தவர், மிஷன் வீட்டில் பிறந்து இந்திய மொழி ஒன்றில் ஊறிப்போன ஒருவர்.

கால்டுவெல் 1841-இன் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்கு வந்தார். 1844 மார்ச்சில் நாகர்கோவிலில் எலிசாவை மணந்தார். செந்நிறத் தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த அந்த ஊருக்கு இருபத்திரண்டு வயதை எட்டாத எலிசா வந்தபோது, அங்கிருந்த பெண்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக்கூடிய ஐரோப்பியப் பெண் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். வந்ததும், தாயார் நாகர்கோவிலில் செய்ததையே இங்கும் செய்தார். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வட்டாரத்துப் பெண்களிடையே பணிசெய்தார். ஏழு பிள்ளைகளையும் பெற்று வளர்த்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கவனமாகவே பதில் சொல்ல வேண்டும். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கால்டுவெல்லின் நூல். அதன் ஆராய்ச்சியும் உழைப்பும் அவருடையவை. அதில் வேறொருவருக்குப் பங்கு கற்பிக்க நான் முயலவில்லை. ஆனால் ஏட்டுத் தமிழைப் பண்டிதரிடம் கற்ற ஒருவருக்கு, பேச்சுத் தமிழைப் பிறவியிலிருந்தே அறிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார் என்பது சிறிய விஷயம் அன்று. 'வந்துட்டுப் போனான்' என்று அடுப்படியில் காதில் விழுகிற சொல்லுக்கும் 'வந்துவிட்டுப் போனான்' என்று ஏட்டில் எழுதப்படுகிற சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை, இரண்டையும் ஒரே நாளில் கேட்கும் வீட்டில் வாழ்ந்தவர் எளிதில் உணர்வார். சென்னைக் கடற்கரையில் 1968-இல் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தோம். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1899 வரை வாழ்ந்த எலிசா அம்மையாரின் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

மூன்றாம் தலைமுறையும் இந்த வேலையில்தான் தொடர்ந்தது. இவர்களின் மகள் இசபெல்லா, வயட் என்ற மிஷனரியை மணந்து இங்கேயே பணிசெய்தார். மாமனாரின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் வெளியிட்டவர் அந்த வயட்தான்.

கேள்வி: மிஷன் பள்ளிகளில் சிறுமிகளை ரேந்தை பின்ன வைத்தார்களே, அதைக் கல்வி என்று சொல்லலாமா? பிள்ளைகளிடம் வேலை வாங்கியதாகத்தானே ஆகும்?
— ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி. முதலில் ரேந்தை என்பது என்னவென்று இன்றைய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் லேஸ் என்பதற்குப் பெரியவர்கள் சொல்லும் சொல் அது, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது.

என் தந்தைவழிப் பாட்டி ரேந்தை பின்னியவர். மடியில் வைக்கோல் அடைத்த உருண்டைத் தலையணை ஒன்று இருக்கும். அதன்மேல் துளையிட்ட காகித மாதிரியை விரித்து, கோலத்தின் புள்ளிகளைப் போல உள்ள அந்தத் துளைகளில் குண்டூசிகளைக் குத்தி வைப்பார்கள். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தலையணையின் ஓரத்தில் தொங்கும். சாதாரணப் பட்டைக்கு இருபது முப்பது, அகலமான பூ வேலைக்கு அதைவிட மிக அதிகம். இடக்கை ஜோடியை வலக்கை ஜோடியின்மேல் போட்டு, முறுக்கி, ஓர் ஊசியைக் குத்தி, அடுத்த ஜோடிக்குப் போவார்கள். குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம், மழைக்காலத்தில் ஓட்டுக்கூரையில் தூறல் விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று முழுவதும் உட்கார்ந்தால் ஒரு சாண் வரும். கை வியர்த்தால் நூல் அழுக்காகும் என்று பாட்டி பக்கத்தில் ஒரு துணியில் சாம்பல் வைத்திருப்பார். பின்னியதை வாங்க வந்த வியாபாரி ஒருவர் சாண் கணக்கில் அளக்காமல் எடை போட்டு வாங்க முயன்றதையும், பாட்டி தலையணையை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டதையும் சிறுவயதில் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலை நாகர்கோவிலில் 1821-இல் தொடங்கிவைத்தவர் மார்த்தா மால்ட். இடையன்குடிக்கு அதைக் கொண்டு சென்றவர் எலிசா. பின்னிய ரேந்தையை ஐரோப்பியக் குடும்பங்களிடம் விற்று, அந்தப் பணத்தைப் பள்ளிச் செலவுக்குப் பயன்படுத்தினார்கள். இங்கே நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணும் கழுத்தும் நோக, அவள் படிப்புச் செலவை அவளே ஈட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்று ஒரு பள்ளி அப்படி நடந்தால் நான் அதை எதிர்ப்பேன்.

ஆயினும் அந்தச் சிறுமிகளில் சிலர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பு மனிதர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். அடிமைக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கினார்கள் என்பது மிஷன் வரலாறுகளில் பதிவாகியுள்ள செய்தி. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத ஒரு பெண்ணுக்குக் கைத்தொழிலும், அதற்குக் கூலியும், அந்தக் கூலியைத் தன் கையில் வாங்கும் உரிமையும் கிடைத்ததை, எழுத்தறிவுக்குக் குறைந்த கல்வி என்று என்னால் சொல்ல முடியாது.

மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும். 1822 முதல் பல முறை கலவரமாக வெடித்து, பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டு, 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசாணையில் போய் நின்ற அந்தப் போராட்டத்தில், பள்ளிக்குச் சென்ற பெண்கள் அணிந்த குப்பாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தையல் கற்ற பெண் தனக்கு ஒரு மேற்சட்டை தைத்துக்கொண்டாள், அதை அணிந்துகொண்டு சந்தைக்குப் போனாள், அதற்காக அடிபட்டாள். அடி வாங்கியவர்கள் நம் ஊர்ப் பெண்களே என்பதை மறந்து, விடுதலை முழுவதையும் வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்ததாக எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதே வட்டாரத்தில் ஐயா வைகுண்டர் எழுப்பிய குரலும் அந்தக் காலத்ததே.

கேள்வி: எவ்வளவுதான் சொன்னாலும், அவர்கள் கல்வி கொடுத்தது மதம் மாற்றத்தானே?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆம், தங்கள் சமயத்தைப் பரப்பவே வந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை. நான் மறைத்து எழுதினால் அவர்களுக்கே அது பிடிக்காது. வேதத்தைத் தானே படிக்கத் தெரிந்தவன்தான் முழுக் கிறிஸ்தவன் என்ற சீர்திருத்த சபையாரின் நம்பிக்கையிலிருந்துதான் ஆலயத்துக்குப் பக்கத்தில் பள்ளி என்ற ஏற்பாடு வந்தது. ஆனால் எழுத்துக் கற்ற பிள்ளை எதைப் படிக்கும் என்பதைக் கற்பித்தவர் தீர்மானிக்க முடிவதில்லை. மிஷன் பள்ளிகளில் படித்து, சமயம் மாறாமல் வெளியே வந்து, வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் ஆனவர்கள் தென் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

அவர்கள் பிழைகளையும் சொல்லிவிட வேண்டும். கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களை (இன்றைய நாடார்களை)ப் பற்றி எழுதிய சிறு நூல், எந்த மக்களிடையே அவர் வாழ்ந்தாரோ அந்த மக்களையே தாழ்வாகச் சித்தரித்தது. அந்தச் சமூகத்தின் படித்த இளைஞர்கள் அதை எதிர்த்து எழுதினார்கள், மனுச் செய்தார்கள். அவர்களில் மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்றவர்கள் இருந்தார்கள். தங்களைப் பற்றி ஐயர் எழுதியதைத் தாங்களே படித்து, தவறு என்று அவரிடமே சொல்லும் அளவுக்கு அந்தப் பிள்ளைகள் வளர்ந்திருந்தது, அந்தக் கல்வியைப் பற்றி நான் அறிந்த மிக நல்ல சாட்சி.

கேள்வி: ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்தார்கள், சரி. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளின் நிலை என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்காக நன்றி சொல்கிறேன். மிஷனரி வரலாறுகளில் மிகக் குறைவாக எழுதப்பட்ட பக்கம் இதுதான்.

அக்காலத்து ஐரோப்பியப் பெற்றோர் பலரும் ஆறு ஏழு வயதில் பிள்ளைகளைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் வெயிலும் காய்ச்சலும் ஒரு காரணம். பிள்ளைகள் தம் நாட்டுக் கல்வியையும் மொழியையும் இழந்துவிடுவார்கள் என்ற அச்சம் இன்னொரு காரணம். எகிப்து வழியாக நீராவிக் கப்பல் தபால் சீராக ஏற்படும் வரை, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போக நான்கு மாதம் ஆகும். கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய ஓராண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தால், அதைப் படிக்கும் நேரத்தில் பிள்ளை குணமாகி விளையாடிக்கொண்டும் இருக்கலாம். புதைக்கப்பட்டு மாதங்கள் ஆகியும் இருக்கலாம். இப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்காகவே லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் பெண்பிள்ளைகளுக்கு 1838-இலும் ஆண்பிள்ளைகளுக்கு 1842-இலும் தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஊரார் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த பெண்கள் பலர், தாங்கள் பெற்ற பிள்ளைகளுக்குக் கடிதமாக மட்டுமே இருந்தார்கள்.

அந்த ஆண்கள் பள்ளியில் பிற்காலத்தில் படித்த ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடல். சீனாவின் தியான்ஜின் நகரில் 1902-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே அண்ணனோடு இங்கிலாந்தில் அந்தப் பள்ளியில் விடப்பட்டார். பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினார்கள். வளர்ந்த பின் அவர்களை விடுப்புக் காலங்களில் மட்டுமே பார்த்தார். இத்தனைக்குப் பிறகும், ஒலிம்பிக் வென்ற மறு ஆண்டே, அதே தியான்ஜினில் ஒரு கல்லூரிப் பள்ளியில் அறிவியலும் விளையாட்டும் கற்பிக்கப் போனார்.

அதற்குப் பின் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1941-இல் போர் மேகம் சூழ்ந்தபோது கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் தங்கினார். மூன்றாம் மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியென் முகாமில் அடைத்தார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட ச்சீஃபூ பள்ளியின் மாணவர்களையும் ஆசிரியர்களோடு சேர்த்து அங்கேதான் கொண்டுவந்தார்கள். பலருக்குப் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாது. தம் பிள்ளைகளைப் பிரிந்த அந்த மனிதர், பெற்றோரைப் பிரிந்த அந்தப் பிள்ளைகளுக்கு 'எரிக் அங்கிள்' ஆனார். ஆய்வகம் இல்லாத இடத்தில் கருவிகளைக் கையால் வரைந்து காட்டி வேதியியல் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு இல்லை என்பது அவர் கொள்கை. ஆனால் நடுவர் இல்லாமல் விளையாடிய பிள்ளைகள் அடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே மைதானத்துக்குப் போய் நடுவராக நின்றார். தங்கப் பதக்கத்துக்காகக் கூட விட்டுக்கொடுக்காத ஒன்றை, தனியே விடப்பட்ட பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரி 21-ஆம் நாள், முகாம் விடுவிக்கப்படுவதற்கு ஆறு மாதம் முன்பு, மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார். தாமும் ஏழு வயதுக்குள் விடுதியில் விடப்பட்ட பிள்ளையாக இருந்ததால்தான் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்ததை அவரால் படிக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

நம் நாட்டில் இந்தப் பிரிவின் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தது கொடைக்கானல். சமவெளியில் காய்ச்சலில் பிள்ளைகளையும் மனைவியரையும் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி 1901-இல் அங்கே வந்தது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். கடல் கடந்த நீண்ட பயணம், ஓரிரு நாள் பயணமாகச் சுருங்கியது.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் வந்த கதை போதும். தமிழ்க் குடும்பம் ஏதும் இப்படி வேற்று மொழி நாட்டுக்குப் போனதுண்டா?
— ஒரு வாசகர், சாயர்புரம்

பதில்: உண்டு, உங்கள் மாவட்டத்திலிருந்தே. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்படுவதற்கு முன்நின்றவர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டபோது, திருநெல்வேலியாருக்கு அது ஏன் முடியாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. பிறரை அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், 1909-இல் மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கலுக்குத் தாமே குடிபெயர்ந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலருள் ஒருவர் அன்பு மரியம்மாள். இருவரும் தெலுங்கைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். 1912-இல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலிலேயே காலமானார்.

கேள்வி: (மார்த்தாண்டம் வாசகி இணைத்து அனுப்பிய இரண்டாவது தாள்) புறப்படும் எங்கள் குடும்பத்துக்கு நடைமுறையில் என்ன சொல்லலாம்?

பதில்: பிள்ளைகளின் படிப்பை முதலில் முடிவு செய்யட்டும், பயணச்சீட்டை அதற்குப் பிறகு எடுக்கட்டும். போகும் ஊரில் எந்தப் பாடத்திட்டம் என்று கேட்டுவிட்டு, ஏழு வயதுப் பிள்ளை ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பினால் இங்கே எந்த வகுப்பில் சேர முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் சில இடங்களில் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகள் உள்ளன. இல்லாவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அங்கே இன்னொரு குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். தவறினால் குடியுரிமைக்கு மத்திய அரசின் அனுமதி வரை போக நேரிடும். விசா விண்ணப்பத்தில் செய்யப்போகும் வேலையை உள்ளபடியே எழுத வேண்டும்.

மொழியைப் பெற்றோர் மட்டும் தனியாக உட்கார்ந்து கற்காமல், பிள்ளைகளை அந்த ஊர்ப் பிள்ளைகளோடு விளையாட விடட்டும். எலிசா மால்ட் கற்றது அப்படித்தான். அதே நேரம் வீட்டுக்குள் தமிழ் இருக்கட்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீமும் அவர் கணவரும் 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான் 'மூன்றாம் பண்பாடு' என்ற சொல்லை உருவாக்கினார்கள். பெற்றோரின் பண்பாட்டுக்கும் புகுந்த நாட்டுப் பண்பாட்டுக்கும் நடுவே வளரும் பிள்ளைகளைக் குறிக்க அது பிறகு நிலைத்தது. அப்படி வளரும் பிள்ளைக்குச் 'சொந்த ஊர் எது' என்ற சாதாரணக் கேள்வியே பதில் சொல்லக் கடினமானதாக இருக்கும். விடுப்பில் வரும்போது ஆராதனையில் மேடையேற்றி அந்த நாட்டு மொழியில் பாடிக் காட்டு என்று கட்டாயப்படுத்தாமல், பாட்டி வீட்டில் சும்மா இருக்க விடுங்கள். இதைச் சபையாருக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அந்த இளம் தாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பள்ளியில் அவரோடு கற்பிக்கும் உள்ளூர் ஆசிரியைகளின் பெயர், சமையல் செய்பவரின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் தேதியோடு அவர் எழுதி வரட்டும். மார்த்தா மால்ட்டின் விடுதியில் முதலில் வந்து சேர்ந்த சிறுமிகளின் பெயர்களை இந்தப் பகுதியில் எழுத விரும்பினேன், எழுத முடியவில்லை.

அவர்கள் போவது எந்த நாடு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதி அனுப்பினால், அங்குள்ள பள்ளி முறையைப் பற்றி அடுத்த இதழில் தனியாக எழுதுகிறேன்.